சில்வண்டுச் சத்தம் என்றுதான் நினைத்தேன்: டேங்க்கில் 24 ஆண்டுகளும் என் காதும்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். அக்னிவீர் தேர்வில் தேறி, டேங்க் படையான ஆர்மர்டு கோர் கிடைத்து, பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. திண்ணையில் என் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான், அப்போதும் பிடிபடவில்லை. எழுந்து இடது பக்கம் வந்து உட்கார்ந்து, "மாமா, டேங்குக்குள்ள எப்படி இருக்கும்னு கேட்டேன்" என்றான். அன்று ராத்திரி பத்து மணி வரை அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். அவனிடம் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. ஆனால் 1995-இல் நான் கிளம்பியபோது எனக்குத் தெரிந்த அண்ணன்மார் எல்லோரும் மெட்ராஸ் ரெஜிமென்ட், சிக்னல், சப்ளை கோர் என்று இருந்தார்கள். டேங்க்கில் இருந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஷூவுக்குள் பவுடர் போடு, சப்பாத்திக்குப் பழகிக்கொள், மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசாதே என்று சொன்னார்கள். காதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நான் குலசேகரம் பக்கத்துக்காரன். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. பத்தொன்பது வயதில் ரயில் ஏறி மகாராஷ்டிராவின் அகமத்நகரில் இறங்கினேன். இப்போது அந்த ஊருக்கு அகில்யாநகர் என்று பெயர். ஆர்மர்டு கோர் சென்டர் அண்ட் ஸ்கூல் 1948-லிருந்து அங்கேதான் இருக்கிறது. முதல் மாதங்கள் எல்லாப் பட்டாளத்துக்கும் பொதுவான ஓட்டம், பரேடு, ரைஃபிள். அதை விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் டேங்க்கைக் கிட்டத்தில் காட்டினார்கள். எங்களுக்கு டி-72. நம் நாட்டில் அஜேயா என்று பெயர், ஆவடி தொழிற்சாலையில் செய்தது. எடை 41 டன், ஆனால் அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் கையை நீட்ட இடம் கிடையாது. முன்னால் நடுவில் டிரைவர், மேலே சுழலும் கூண்டான டரட்டில் பீரங்கிக்கு இடது பக்கம் சுடுகிற கன்னர், வலது பக்கம் கமாண்டர். குண்டு நிரப்ப நான்காவது ஆள் கிடையாது. தரையில் வட்டமாக அடுக்கிய 22 குண்டுகளிலிருந்து எந்திரமே எடுத்து நிரப்பும். அர்ஜுன் டேங்க்கில் அந்த வேலைக்கு ஒரு ஆள் உண்டு, அதனால் நான்கு பேர்.

நேராக டேங்க்கில் ஏற்றிவிட மாட்டார்கள். வெட்டிப் பிளந்து உள்ளே தெரியும்படி வைத்திருக்கும் எஞ்சின், கியர் பெட்டி, பீரங்கியின் பின்பகுதி இவற்றின் முன்னால் வாரக்கணக்கில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், வேலை, அது கெட்டால் என்ன ஆகும் என்பது வரை ஹிந்தியில் ஒப்பிக்க வேண்டும். எனக்கு அப்போது ஹிந்தியே வராது. ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு தமிழில் எழுதி மனப்பாடம் செய்தேன். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஆயில் பம்பை ஓட்டி அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை ஒருவன் மறந்தான், மொத்த வகுப்பும் மைதானத்தைச் சுற்றி ஓடியது. ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள். இடது கம்பியை இழுத்தால் இடது பக்கத்து இரும்புப் பட்டை, அதாவது ட்ராக், மெதுவாகும், வண்டி இடது பக்கம் திரும்பும். ஹேட்ச் என்ற மேல்மூடியைத் திறந்து தலையை வெளியே வைத்து ஓட்டும்வரை சந்தோஷமாக இருந்தது. ஹேட்ச்சை மூடி, பெரிஸ்கோப்பின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டச் சொன்ன முதல் நாள் எனக்கு மூச்சு முட்டியது. வெளியே வந்து வாந்தி எடுத்தேன். பழகுமா என்று பயந்தேன். மூன்றாவது நாள் பழகிவிட்டது. இதை மருமகனிடம் அழுத்திச் சொன்னேன்: முதல் நாள் வரும் பயத்தை வைத்து "எனக்கு இது சரிப்படாது" என்று முடிவு பண்ணிவிடாதே.

இப்போது போகிறவர்கள் நாங்கள் பார்த்ததைவிட அதிக நேரம் சிமுலேட்டரில் உட்காருவார்கள். எஞ்சின் ஓடும் மணிக்கணக்கும் பீரங்கிக் குழாயின் ஆயுளும் காசு, ஒவ்வொரு குண்டும் காசு. அதனால் ஓட்டுவதையும் சுடுவதையும் முதலில் அறைக்குள் திரை முன்னால் பழக்குவது நியாயம்தான். பெரிய குழாய்க்குள் சின்னக் குழாயைச் செருகி, சின்னக் குண்டால் சுட்டுப் பழகும் முறையும் உண்டு. நான் கன்னர் ஆனபோது இதெல்லாம் எனக்கு நிறைய உதவியது. லேசரால் தூரம் அளந்து, இலக்கின்மேல் குறியை நிறுத்தி, விரலை அழுத்தும் வரிசை கைக்குப் பழகிவிடும். ஆனால் சிமுலேட்டரில் வெயில் கிடையாது, புகை நாற்றம் கிடையாது, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கிறது. அங்கே காதுக்கு எதுவும் ஆகாது என்பதால் காதைப் பற்றிய பழக்கமும் அங்கே வராது. நிஜ டேங்க்கில் ஏறும் முதல் நாளிலிருந்தே அதைத் தனியாகப் பழக வேண்டும்.

டேங்க் வாழ்க்கை என்றால் ஊரில் எல்லோரும் சுடுவதைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பத்தில் எட்டுப் பங்கு துடைப்பது, கிரீஸ் வைப்பது, சுத்தியல் அடிப்பது. ட்ராக் தளர்ந்தால் இறுக்க வேண்டும், ஒரு கண்ணி உடைந்தால் மாற்ற வேண்டும். ராஜஸ்தான் மணலில் ஓடி வந்தால் ஏர் கிளீனரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் தூங்கப் போக முடியாது. சுட்டு முடித்ததும் பீரங்கிக் குழாய்க்குள் நீளமான கம்பியில் பிரஷ் கட்டி நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் தள்ளுவோம், வள்ளம் தள்ளுகிற மாதிரி ஒரே தாளத்தில். என் டிரைவர் ஹரியானாக்காரன், கன்னர் பஞ்சாபி. ஒரே ஸ்டவ்வில் டீ, ஒரே தட்டில் ரொட்டி. லீவு முடிந்து போகும்போது நான் கொண்டுபோகும் ஏத்தன்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. மார்கழிக் குளிரில் பாலைவனத்தில் எஞ்சின் மூடியின்மேல் தார்ப்பாய் விரித்துத் தூங்குவோம், இரும்பில் சூடு நடுராத்திரி வரை இருக்கும். கூடப் பிறந்தவர்களைவிட அந்த இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். இன்றும் தெரியும்.

இந்த இடத்தில் உடம்பு சம்பந்தமாக இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன், எல்லாம் கண்ணால் பார்த்தவை. டேங்க்கில் ஏறும்முன் மோதிரத்தைக் கழற்றிவிடு. இரும்புக் கொக்கியில் மோதிரம் மாட்ட, குதித்தவன் விரல் போனதைப் பார்த்திருக்கிறேன். டேங்க்கிலிருந்து கீழே குதிக்காதே. இருபது வயதில் குதிப்பது சுகமாகத்தான் இருக்கும், நாற்பதில் முட்டியும் இடுப்பும் கணக்குக் கேட்கும். எப்போதும் இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் இரும்பில் பதிந்திருக்க இறங்கு. எவ்வளவு மழை பெய்தாலும் டேங்க்குக்கு அடியில் படுக்காதே. மண் இளகினால் 41 டன் மெதுவாகக் கீழே இறங்கும், சத்தமே வராது. சுடும்போது பீரங்கியின் பின்பகுதி கமாண்டருக்கும் கன்னருக்கும் நடுவில்தான் பின்னால் பாயும், அந்தப் பக்கம் கையோ முழங்கையோ போகக் கூடாது.

சரி, காது. அந்த நாள் 2008-ஆம் வருஷம், ராஜஸ்தானில் வருடாந்திரச் சுடுபயிற்சி. அப்போது நான் லான்ஸ் தஃபேதார் (காலாட்படையில் நாயக் என்பார்கள்), கமாண்டர் இடத்தில் உட்காரத் தொடங்கியிருந்தேன். எங்கள் முறை வர இன்னும் இரண்டு டேங்க் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கீழே நின்றோம், கையில் டீ. தலைக்கவசம் டேங்க்கின்மேல் கிடந்தது. துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த ரஷ்யத் தொப்பி, காதுக்கு ஸ்பீக்கர், தொண்டையில் ஒட்டும் மைக். 45 டிகிரி வெயிலில் அதைத் தேவையில்லாமல் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து லைனில் ஒரு டேங்க் நாங்கள் எதிர்பார்க்கும்முன் சுட்டது. 125 மில்லிமீட்டர் பீரங்கி. உள்ளே இருந்தால் நெஞ்சில் ஒரு குத்து மட்டும்தான், வெளியே பக்கவாட்டில் நின்றால் அது வேறு. டீ டம்ளர் கையிலிருந்து விழுந்தது. வலது காதுக்குள் யாரோ ஆணியை அடித்த மாதிரி ஒரு வலி, அப்புறம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போல ஆனது. சின்ன வயதில் திற்பரப்பில் அருவிக்குக் கீழே முங்கும்போது மேலே ஆட்கள் பேசுவது எப்படிக் கேட்குமோ, அப்படி. ஐந்து நிமிடத்தில் எங்கள் முறை வந்தது. ஏறினேன், சுட்டோம், இலக்கு விழுந்தது, கைகுலுக்கினார்கள். ராத்திரி படுத்தபோது காதுக்குள் ஒரு கூவல். மூன்று நாள் விடாமல் கூவியது.

யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்கு நான் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். காரணம் எளிது. அடுத்த மாதம் எனக்கு ஒரு புரமோஷன் தேர்வு இருந்தது. காதில் கோளாறு என்று எழுதினால் மெடிக்கல் தரம் குறையும் என்று பயந்தேன். பட்டாளத்தில் உடல்தகுதியை ஐந்து எழுத்துகளில் எழுதுவார்கள், அதில் ஒன்று காதுக்கு உரியது. ஐந்திலும் ஒன்று என்று இருந்தால்தான் ஷேப்-1. காதுக்கு இரண்டு விழுந்தால் தேர்வு தள்ளிப்போகும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். "ரெண்டு நாள்ல சரியாகிடும், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். மூன்று நாளில் கூவல் குறைந்தது, சரியாகிவிட்டது என்று நம்பினேன். பல வருஷம் கழித்து காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் விளக்கினார். காதின் உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு பகுதி, அதில் ஒலியைப் பிடிக்கும் மெல்லிய முடிச் செல்கள். பெரிய அதிர்வில் அவை ஒடிந்தால் மறுபடி முளைக்காது. அடிபட்ட முதல் சில நாட்களுக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், கொஞ்சமாவது மீண்டிருக்கலாம், பத்து வருஷம் கழித்து ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். புரமோஷன் வந்தது. அது வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த ஒரு குண்டு மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும் டேங்க்கின் உள்ளே சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்று டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும், 100-க்கு வரும்போது 15 நிமிடம்தான். நாங்கள் அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க இருந்திருக்கிறோம். அதோடு நான் ஒரு கெட்ட பழக்கம் வைத்திருந்தேன். கமாண்டராகத் தலையை வெளியே நீட்டி நிற்கும்போது வெளியே கத்துவதும் கேட்க வேண்டும் என்று தொப்பியின் வலது காதுப் பகுதியைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க ரேடியோவின் ஒலியை முழுக்க ஏற்றி வைப்பேன். என் காது அறிக்கையில் வலது இடதைவிட மோசமாக இருப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

மருமகனுக்கு ஒரு டப்பா நிறைய, காதில் செருகும் நுரை அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். ஜோடி பத்து ரூபாய் அளவுக்கு வரும் மஞ்சள் ஸ்பாஞ்ச் உருண்டைதான். அதைப் போடத் தெரியாமல் போட்டால் பிரயோஜனம் இல்லை. விரலில் உருட்டிக் குச்சி மாதிரி மெலிசாக்க வேண்டும், மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே விரிந்து அடைக்கும். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் அது சும்மா அலங்காரம். டேங்க்கிற்குள் உட்காரும்போது தொப்பி இருக்கிறது, அதைத் தூக்கிவிடாமல் இரு, மேற்கொண்டு என்ன போட வேண்டும் என்பதை யூனிட்டில் சொல்வதைக் கேள். ஆனால் லைனில் முறைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் மற்றவன் சுடுவதைப் பார்த்து நிற்கும் நேரத்திலும்தான் காது போகிறது. அந்த நேரத்தில் அடைப்பான் காதில் இருக்க வேண்டும். டீ குடிக்கும்போதும்.

காது போனது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்கிறேன். லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ராத்திரி சில்வண்டுச் சத்தம் அதிகமாக இருப்பதாக நினைப்பேன். சுற்றிலும் ரப்பர் தோட்டம், சில்வண்டு இல்லாத ராத்திரி ஏது? 2017-இல் லீவில் வந்தபோது மகளைப் பார்க்க மதுரையில் அவள் படித்த கல்லூரிக்குப் போய், ஒரு லாட்ஜில் தங்கினேன். ஏ.சி. அறை, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. விளக்கை அணைத்ததும் அங்கேயும் சில்வண்டு கத்தியது. எழுந்து உட்கார்ந்தேன். மனைவியிடம் "உனக்குக் கேட்குதா?" என்று கேட்டேன். "என்ன கேக்கணும்?" என்றாள். அன்று விடியும்வரை நான் தூங்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. மகள் "சட்டை" என்றால் எனக்குக் "கட்டை" என்று கேட்டது ஏன், கல்யாண வீட்டுப் பந்தியில் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிச் சிரிப்பது ஏன், போனை எப்போதும் இடது காதில் வைப்பது ஏன். இந்த வகைக் கோளாறில் முதலில் போவது மெல்லிய உச்ச ஒலிகள். ஆண்குரலின் கனம் கேட்கும், அதனால் நமக்குச் சந்தேகமே வராது. குழந்தைகள் குரலும் ச, த, க போன்ற எழுத்துகளின் ஓரங்களும்தான் கரையும். பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொன்னார்கள் என்பது தெரியாது.

தெரிந்த பிறகாவது போய்ச் சொன்னேனா? இல்லை. இன்னும் இரண்டு வருஷம்தானே, நல்லபடி வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். 2019-இல் தஃபேதாராக (காலாட்படையில் ஹவில்தார்) ஓய்வு பெற்றேன். வெளியே அனுப்பும்முன் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. "ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்டபோது நானே "இல்லை" என்றேன். சாதாரணமாகப் பேசிப் பார்க்கும் சோதனையில் உதட்டைப் பார்த்து ஊகித்துப் பதில் சொன்னேன். பதினொரு வருஷமாக மறைத்துப் பழகியவன் கடைசி நாளும் மறைத்தேன். ஷேப்-1 என்று காகிதம் வந்தது. பெருமையாக மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அந்தப் பெருமைக்கு விலை அடுத்த பிப்ரவரியில் தெரிந்தது. ஒரு வங்கியில் ஆயுதக் காவலர் வேலைக்குத் தேர்வானேன். முன்னாள் படைவீரர்களுக்கான இடம், வீட்டிலிருந்து அரைமணிப் பயணம், மாதம் இருபதாயிரத்துக்கு மேல். உடல்தகுதிப் பரிசோதனையில் காதுக்கு ஹெட்போன் மாட்டிச் சின்னச் சின்ன விசில் சத்தம் கேட்க வைத்தார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் நான் அழுத்தவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வையில் முடிவு தெரிந்துவிட்டது. வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. வெடிச் சத்தத்தில் போன காதுக்கு அதுதான் அடையாளம் என்றார்கள். வேலை இல்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன், யாரும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அவசரத்தில் செய்தது. முதலில் ஒரு கடைக்குப் போய் அன்றைக்கே இரண்டு காதுக்கும் கருவி வாங்கினேன், 48,000 ரூபாய். அரைமணி நேரத்தில் மாட்டி அனுப்பினார்கள். சந்தையில் போட்டுக்கொண்டு நடந்தால் பிளாஸ்டிக் கவர் கசங்கும் சத்தம் இடி மாதிரி கேட்டது, மனிதர் பேச்சு மட்டும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன். காது கருவியை ஒரே நாளில் வாங்கக் கூடாது என்று இப்போது தெரியும். கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் தன் அறிக்கைக்கேற்ப அதை டியூன் செய்ய வேண்டும், சில நாள் வீட்டில் போட்டுப் பார்த்து மறுபடி போய்த் திருத்த வேண்டும், மூளை பழகவே சில வாரம் ஆகும். எங்களைப் போன்றவர்கள் கடைக்குப் போகவே தேவையில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது, நாகர்கோவிலிலேயே அதற்குப் பாலிகிளினிக் உண்டு. முதலில் அங்கே போய், அவர்கள் எழுதித் தரும் கடிதத்தோடு நிபுணரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த பிறகு கருவி வாங்குவதுதான் வழி. நான் சொந்தமாக வாங்கியதற்கு ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.

இரண்டாவது தப்பு, ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரை நம்பியது. 25,000 ரூபாய் கொடுத்தேன். எட்டு மாதம் இழுத்தடித்து, என் பெயரில் ஒரு பக்கக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பியதுதான் அவர் செய்த வேலை. பணிக்காலத்தில் காது பற்றி எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தது. அது உண்மை. பதிவு இல்லாமல் செய்தவன் நான். அந்த விண்ணப்பத்தை எழுதவும் வழிகாட்டவும் நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, காசு கிடையாது. அது எனக்கு முன்னாலேயே தெரியும். காது கேட்காதவன் கவுன்ட்டரில் நின்று "என்ன, என்ன" என்று கேட்க வெட்கப்பட்டு, பேச ஒரு ஆளைப் பிடித்தேன். வெட்கத்துக்குக் கொடுத்த காசு அது.

கடைசியாக 2023-இல் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் ராணுவ வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நேர்மையான மனிதர், காசு வாங்கவில்லை. பொறுமையாக எழுதிக் காட்டியே பேசினார். பட்டாளத்தில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், ஆரோக்கியமாகச் சேர்ந்தவன் என்றே கொள்ள வேண்டும், பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்துடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று மருத்துவக் குழு எழுதினால் அதை வைத்துப் பேசலாம். "உங்கள் காகிதத்தில் பேச என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் பெட்டியிலிருந்து ஷேப்-1 காகிதத்தை எடுத்து வைத்தேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வழக்குப் போடவில்லை. மூன்றரை வருஷம், கருவி, தரகர், பயணம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 90,000 ரூபாய், ஒரு வங்கி வேலை.

ஆகவே மருமகனுக்கு ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். காது அடைத்தால், கூவினால், அன்றைக்கே எம்.ஐ. ரூமுக்குப் போ. தேர்வு, புரமோஷன் எது இருந்தாலும் போ. அடிபட்டது என்றால் காய அறிக்கை எழுதுவார்கள், ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்று அந்தப் படிவத்துக்குப் பெயர், அது எழுதப்பட்டதா என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள். தேதி, உடம்புக்கு என்ன, பார்த்த டாக்டர் என்ன எழுதினார் என்பதை மட்டும் நோட்டில் குறித்து வை. யூனிட் எங்கே இருக்கிறது, என்ன பயிற்சி என்பதெல்லாம் அதில் வரக் கூடாது. வெளியே வரும் நேரத்தில் மருத்துவக் குழுவின் அறிக்கை, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16, அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு, பிரதி கேட்டு வாங்கு. பேசிப் பார்க்கும் சோதனை போதாது, ஹெட்போன் மாட்டிச் செய்யும் ஆடியோகிராம் வேண்டும் என்று கேள். உனக்கு நான்கு வருஷம்தான், நாலில் ஒரு பங்குப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது. பணியால் வந்த ஊனத்துக்கு 50, 75, 100 சதவீதம் என்ற கணக்கில் 15, 25, 44 லட்சம் கருணைத் தொகை என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவும் காகிதத்தில் இருந்தால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு அக்கா என்னைக் கோபித்துக்கொண்டாள். "போற பிள்ளையை இப்படிப் பயமுறுத்துவியா" என்றாள். பயமுறுத்தவில்லை. மறுபடி பத்தொன்பது வயது கிடைத்தால் நான் டேங்க்கைத்தான் கேட்பேன். எஞ்சின் மூடியின் சூட்டில் மூன்று பேர் படுத்து நட்சத்திரம் பார்த்த ராத்திரிகளுக்கு ஈடாக எனக்கு வேறு எதுவும் இல்லை. அடைப்பான் போட்டுக்கொண்டு அதே ராத்திரிகளை அனுபவித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது இ.சி.எச்.எஸ். மூலம் வந்த கருவி இருக்கிறது, நான்கு முறை போய் டியூன் செய்தோம். மகள் பேசுவது முகத்தைப் பார்த்தால் புரிகிறது. சில்வண்டு போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதிகாலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கோடு எழுபது சென்ட் ரப்பரையும் வெட்டப் போகிறேன். அந்த நேரத்தில் தோட்டத்துச் சில்வண்டும் என் காதுக்குள் இருப்பதும் ஒன்றாகக் கலந்துவிடும், அதனால் அந்த இரண்டு மணி நேரம் மனசுக்கு நிம்மதி.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் போன் செய்தான். வெயில் அதிகம், ரொட்டி பழகிவிட்டது, ஹிந்தி இன்னும் வரவில்லை என்றான். ரைஃபிள் சுடப் போனார்களாம். அடைப்பான் போட்டாயா என்று கேட்டேன். ஏதோ சொன்னான். கேட்கவில்லை, மறுபடி சொல்லு மக்களே என்றேன். மூன்றாவது தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "போட்டேன் மாமா. பக்கத்துக் கட்டில்காரனுக்கும் ஒரு ஜோடி கொடுத்தேன்."